இரண்டு மிடறு

அந்த பீர் கடையின் சமையல்கட்டில் அவளைக் காரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வறுக்கும் மிளகாய்க் கோழிக்கென்றே ஒரு கூட்டம் வரும். ஆனால் கடையில் காய்ச்சும் பீர் ஒரு சொட்டுகூட அவள் நாக்கில் பட்டதில்லை. குடித்தே செத்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். இந்த வேலைக்குக் கிளம்பிய அன்று, "போ. வாயில மட்டும் வைக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றாள் அம்மா. பண்ணினாள். வருடக்கணக்காகக் காப்பாற்றியும் வந்தாள்.

வம்பு புது பீரோடு வந்தது. ஹாப்ஸ் பூவை வாரி இறைத்துக் காய்ச்சிய கசப்பு பீர். அதோடு போன அவளுடைய கோழியெல்லாம் பாதித் தட்டாகத் திரும்பியது. தின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீருக்கு அலைந்தார்கள். பீர் காய்ச்சுகிறவர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"காரக்கா, கோழி தனியா நல்லாயிருக்கு. பீரும் தனியா நல்லாயிருக்கு. சேந்தா எரியுது. நீங்களே ருசி பாத்தாத்தான் புரியும்."

"நீங்க சொல்லுங்க, நான் மாத்திக்கறேன்."

"சொல்லிச் சொல்லித்தானே இங்க வந்து நிக்குது? வாயில வச்சுட்டுத் துப்பிடுங்க, போதும். இல்லன்னா முதலாளி வேற ஆளு பாக்கறேங்கிறாரு."

துப்பிவிட்டால் சத்தியம் உடையாது என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. மனசுக்கு அதுதானே பிழைப்பு.

கோழியைக் கடித்துவிட்டு ஒரு வாய் பீர் வைத்தாள். கசப்பு காரத்தைக் கிளப்பிவிட்டு நாக்கெல்லாம் எரிய வைத்தது. துப்பினாள். விஷயம் பிடிபட்டுவிட்டது. மிளகாயைப் பாதியாக்கி, வெண்ணெயில் புரட்டி, மேலே தேன் தடவினாள். மறுபடி கடித்து, மறுபடி ஒரு வாய். இந்தத் தடவை கசப்பு அடங்கி, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல ஒரு வாசனை மேலே வந்தது. அப்பா சட்டையில் அடித்த நாற்றம் அதில் இல்லவே இல்லை. துப்பக் குனிந்தவள் விழுங்கிவிட்டாள். இன்னொரு மிடறும் போனது. அதைக் குடிக்கச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. நன்றாக இருந்தது. மிச்சத்தைச் சட்டென்று தொட்டியில் கொட்டினாள்.

சாயங்காலம் வாயை நன்றாகக் கொப்பளித்து, சமையல்கட்டு டப்பாவிலிருந்து ரெண்டு கிராம்பை எடுத்து மென்றுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த அம்மாவின் முகம் சட்டென்று இறுகியது.

"கிராம்பு எதுக்கு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பாவும் கிராம்பு மென்றுகொண்டுதான் வருவார். பீர் வாடையை அம்மா ஒருவேளை விட்டிருப்பாள். கிராம்பை எப்படி விடுவாள்?

"வேலைக்காக ருசி பாக்கச் சொன்னாங்கம்மா."

அம்மா கத்தித் தீர்த்திருந்தால் தேவலை. உள்ளே போனாள். சோறு போட்டு மூடிய தட்டைக் கொண்டுவந்து முன்னறைத் தரையில் வைத்தாள். அப்பா குடித்துவிட்டு வந்த நாட்களில் அவருக்கு வைத்த அதே இடம். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

மகள் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எல்லாத்தையும் துப்பிட்டேன்மா," என்றாள் கதவைப் பார்த்து.