பீடத்துக்குப் போன கத்தரிக்காய்

1938ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. சித்தூரில் அந்த மாதத்தில் இரவு முழுவதும் போனாலும் கல் ஆறாது. எங்கள் வாசற்படி அந்த நேரத்திலும் வெதுவெதுப்பாக இருந்தது. படியில் சிந்திக் கிடந்த கேழ்வரகு மாவை விரலால் தொட்டுப் பார்த்ததால்தான் அது எனக்குத் தெரியும்.

மாவு இருந்தது. மாவு வந்த கூடை இல்லை.

அந்தக் கூடை என் மாமனார் அனுப்பியது. அவர் கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் காய்கறி போடும் விவசாயி. அவருடைய மகள் ஞானஸ்நானம் பெற்று என்னைக் கோயிலில் மணந்துகொண்டு நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அதன் பிறகு இரண்டு முறை சித்தூர்த் தாலுகா கச்சேரிக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே நின்று மகளிடம் பேசிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. அந்தச் சித்திரையில்தான் வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: திருப்பதி மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் சித்தூரில் இறங்குகிறார், மகள் வீட்டில்தான் சாப்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை. "என் கொல்லைல வெளஞ்சதத்தான் துன்னுவேன். கூடை முன்னாடியே வரும்."

நான் முகம் சுளித்தேன். என் மனைவி சிரித்தாள்.

"உங்களுக்குப் புரியல. ஊர்ல யாராவது கேட்டா நைனா இன்னா சொல்லும்? மாப்ள வூட்டுச் சோறு நான் துன்னல, என் கொல்லைச் சோத்தத்தான் துன்னேன்னு சொல்லிக்கும். அதுக்குத்தான் கூடை. வரணும்னு முடிவு பண்ணிடுச்சு, வழி தேடிக்கினு கீது."

நான்கு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கூடை சனிக்கிழமைச் சந்தைக்கு வரும் வண்டியில் வருவதாக ஏற்பாடு. நாங்கள் இருவரும் விடியற்காலையிலேயே சந்தை கூடும் மைதானத்துக்குப் போனோம். எங்களுக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. மறுநாள் எங்கள் சபையில் முதற்பலன் பண்டிகை. நிலம் உள்ளவர்கள் தங்கள் கொல்லையில் முதலில் பறித்ததைக் கூடையில் வைத்துப் படைப்பார்கள். என்னைப் போல் மாதச் சம்பளத்தில் இருக்கும் குமாஸ்தாக்களுக்கு முதற்பலன் சந்தையில்தான் விளைய வேண்டும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு.

அந்த வருடம் காய் நன்றாக வந்திருந்தது. மஞ்சள் தோசக்காய் குவியல் குவியலாகக் கிடந்தது. பிஞ்சு வெள்ளரி, முருங்கை, கொட்டை எடுத்த புதுப்புளி, தென்னை ஓலையில் கட்டிய நுங்கு. நான் ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்ற அம்மாள், "எந்த சேப்பு கொடதாரு சாமி, அது தலுப்பா?" என்றாள். எவ்வளவு நேரம்தான் தட்டுவீர்கள், அது என்ன கதவா என்று கேட்கிறாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பூசணி, எட்டுத் தோசக்காய், ஒரு கட்டு முருங்கை வாங்கினோம். மாமனாரின் வண்டி மட்டும் வரவில்லை. பத்து மணி வரை நின்றோம். வழியில் அச்சு முறிந்துவிட்டது, ராத்திரிக்கு மேல் வரும் என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

சபை வழக்கப்படி, படைக்க வேண்டிய கூடையை வெள்ளைத்துணி போட்டு மூடி ஞாயிறு விடியற்காலையில் வாசலில் வைத்துவிட வேண்டும். மணியடிப்பவர் தள்ளுவண்டியோடு வந்து வீடு வீடாக எடுத்துப் போவார். என் மனைவி பூசணிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அச்சைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டிவந்த வண்டிக்காரர், எங்களை எழுப்ப வேண்டாம் என்று, மாமனாரின் கூடையை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு மைதானத்துக்குப் போயிருக்கிறார். அந்தக் கூடைமேலும் வெள்ளைத்துணிதான். மாமனாரின் துண்டு.

நாங்கள் கதவைத் திறந்தபோது தள்ளுவண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. மணியடிப்பவர் கையை ஆட்டி, "ரெண்டு கூடை! குமாஸ்தா வூட்ல இந்த வருசம் மழைதான்!" என்று கத்திவிட்டு மறைந்தார்.

நான் சட்டை இல்லாமல் ஓடினேன். கோயிலை அடைந்தபோது உபதேசியார் எல்லாவற்றையும் பிரித்து, பீடத்தைச் சுற்றி அழகாக அடுக்கிவிட்டிருந்தார். எங்கள் கத்தரிக்காய், முள்ளும் வெள்ளை வரியும் உள்ள அந்தச் சாதி, சிலுவைக்கு நேர் கீழே இருந்தது. பன்னிரண்டு மாங்காய்கள் இரண்டு வரிசையாக. மாவு ஒரு சட்டியில்.

தவறி வந்துவிட்டது என்றேன்.

"வெச்சாச்சேய்யா. வெச்சதத் திருப்பி எடுத்தா ஜனங்க இன்னா பேசும்? ஏலத்துல எடுத்துக்குங்க. உங்களுக்கும் காய் ஆச்சு, சபைக்கும் நாலு காசு ஆச்சு."

காரணத்தைச் சொல்லக்கூடாது என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தகப்பனார் சபையார் வீட்டுச் சாப்பாட்டைத் தொடமாட்டார் என்பதைச் சபைக்குள்ளேயே எப்படிச் சொல்வது? வீட்டுக்குத் திரும்பி, கடைத்தெருவில் இதே போல் கத்தரிக்காய் வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன்.

"கொல்லைக் காய்னு பொய் சொல்லிப் போடச் சொல்றீங்களா? நாலு வருசம் கழிச்சு வர்ற நைனாவுக்கா?" என்றாள். அவள் கோயிலுக்கு வராமல், உலைக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஏலம் பத்தரைக்குத் தொடங்கியது. கூடையாக விடமாட்டார்கள், பொருள் பொருளாகத்தான். பூசணிக்காயே முக்கால் ரூபாய்க்குப் போனது. கத்தரிக்காய் வந்ததும் நான் இரண்டணா என்றேன். பின்னாலிருந்து, "நாலணா" என்று ஒரு குரல். ஓய்வு பெற்ற ஓவர்சியர். கோயில் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று வருடம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

நான் ஆறு அணா என்றேன். அவர் எட்டு என்றார். நான் பத்து.

"அட, குமாஸ்தாவுக்கு இன்னா ஆச்சு! போன வருசம் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு அரையணா மிச்சம் கேட்ட ஆளுதானே இது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

முற்றமே சிரித்தது. என்னைக் காசைப் பிடித்துக்கொள்பவன் என்று எல்லாரும் சொல்வார்கள், அது பொய்யில்லை. இன்று இவனைக் கறந்தால் கூரைக்கு நாலு ஓடு ஆகும் என்று ஓவர்சியர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவருக்குக் கத்தரிக்காய் வேண்டியதில்லை. நான் எவ்வளவு தூரம் போவேன் என்று பார்த்தார். அருகில் போய் அவர் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார், நல்ல மனிதர். சொல்ல முடியவில்லை.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" கத்தரிக்காய் ஒரு ரூபாய் இரண்டு அணா. மாங்காய் பதினான்கு அணா. கேழ்வரகு மாவுக்குக் கை தட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ரூபாய் ஆறு அணா. கடைசியில் வெறும் கூடையையும் விட்டார்கள். அதற்கும் ஓவர்சியர் இரண்டணா கேட்டார், நான் மூன்று சொல்லி எடுத்தேன். கையிலிருந்தது போக மீதியைச் சம்பளத்தன்று கட்டுவதாக ஒப்புக்கொண்டேன். சபையில் அதற்கு வழக்கம் உண்டு. வெயிலில் நடந்தால் நேரமாகும் என்று ஒரு ஜட்கா வண்டி பிடித்தேன்.

வீட்டுக்குள் மாமனார் உட்கார்ந்திருந்தார். உள்ளே! மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. நாற்காலியில் உட்காரத் தெரியாதவர் போல விளிம்பில் இருந்தார்.

"வாங்க மாப்ள. உங்க வூட்டுக்கு வந்து உங்கள நானே வாங்கன்றேன் பாருங்க," என்று சிரித்தார்.

கூடையை அவளிடம் கொடுத்தேன். அவள் சமைத்த வேகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. கத்தரிக்காயை நான்காகக் கீறிப் பச்சை மிளகாயோடு மண் சட்டியில் போட்டாள். பாதி வெந்ததும் மாங்காயைத் தோலோடு துண்டு போட்டாள். புளி சேர்க்கவில்லை. மாங்காய்க் காலத்தில் கடைசலுக்குப் புளி போட்டால் அவள் தகப்பனாருக்குப் பிடிக்காதாம். மத்தால் நாலு சுற்றுக் கடைந்து, கடுகும் பூண்டும் தாளித்துக் கொட்டினாள். இன்னொரு அடுப்பில் களி. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, கோலால் கட்டி இல்லாமல் கிண்டி, ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டினாள். வீடு முழுக்க மாங்காய் வெந்த வாசனை. மாமனார் மூக்கை உயர்த்தி, "நம்ப தோப்பு வாசனைதான்," என்றார்.

தட்டு வைத்தாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"விடியக்காலையே வெச்சுட்டேன்னானே வண்டிக்காரன். ஏன் இம்மா நேரம்?"

நான் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க எதுவும் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு பாடுபட்டு அவர் காயை மீட்டேன் என்று, ஏலத்தையும் ஓவர்சியரையும் சொல்லி, அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் கை களிக்கு மேலேயே நின்றது.

"பீடம்னா, சாமிக்கு முன்னாடியா?"

"ஆமா மாமா."

"பாட்டு பாடி, ஜெபம் பண்ணி?"

"ஆமா."

கையைப் பின்னுக்கு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அது என் கொல்லைது இல்லியே மாப்ள. உங்க சாமிது ஆயிடுச்சே."

எங்களிடம் அப்படியெல்லாம் கிடையாது, அது வெறும் காய்தான், பணம் கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று வாதாடினேன்.

"வெறும் காய்க்கு எவன் மாப்ள ஒரு ரூவா ரெண்டணா குடுப்பான்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் நேத்துதான் மலையில நின்னு கும்பிட்டு வந்தேன். இன்னிக்கு இன்னொரு சாமிக்கு வெச்சத வாயில வெக்க மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க. மலைப் பிரசாதம் ஒரு மூட்டை கீது. பொண்ணுக்குக் குடுக்கணும்னு ஆசைதான். உங்களுக்கு ஆகாது, சங்கடப்படுவீங்கன்னு நம்ப ஊர் வண்டியிலியே வெச்சுட்டு வந்தேன்."

சிலைகளுக்குப் படைத்ததை உண்ணலாகாது என்று சிறுவயது முதல் ஞாயிறு பாடசாலையில் ஒப்பித்தவன் நான். எங்கள் விதியை அவர் எண்ணிப் பார்த்து மூட்டையை வண்டியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கும் அதே விதி இருக்கும் என்று, காலை ஆறு பத்திலிருந்து பகல் ஒன்று வரை, நானும் நினைக்கவில்லை, அவர் மகளும் நினைக்கவில்லை.

அவள் மோர் வேண்டுமா என்று கேட்டாள். மோரும் கொல்லையில் விளைந்ததில்லை என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்தது.

"தண்ணி குடு. தண்ணி எவன் கொல்லைலயும் வெளையறதில்ல," என்றார். ஒரு செம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். பிறகு தன் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "நீ துன்னுமா. சூடு ஆறுது. நான் பாத்துக்கினு கீறேன்."

அவள் சாப்பிட்டாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டார். சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை.

புறப்படும்போதுதான் சாதாரணமாக ஒன்று சொன்னார். "ஒரு வார்த்தை வண்டிக்காரன்கிட்ட கேட்டிருக்கலாமே மாப்ள. நேத்துச் சந்தை தவறிப்போச்சா, ரெண்டு மூட்டை அதே கத்தரிக்காய மைதானத்துலதான் போட்டுக்கினு உக்காந்திருந்தான். மாங்காயும் இருந்திச்சு. மாவு மட்டும் இல்லன்னா இன்னா, சோறு வடிச்சிருக்கலாம். நான் ரயில விட்டு எறங்கி அங்க போய்ட்டுத்தான் வந்தேன். பத்து மணிக்கே எல்லாம் வித்துப்போச்சாம்."

மைதானம் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மைல். நான் கோயிலுக்கு ஓடினேன். எதிர்த்திசையில் ஓடியிருக்க வேண்டும்.

"அடுத்த வருசம் நானே தலைமேல தூக்கிகினு வரேன். வாசல்ல வெக்க மாட்டேன்," என்று மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அவர் கிணறு வற்றிவிட்டது. காய் போடவில்லை. அதற்கு அடுத்த வருடம் கிணற்றில் தண்ணீர் வந்தது, அவருக்குக் கால் விழுந்துவிட்டது. அவள் போய்ப் பார்த்து வந்தாள், ஒவ்வொரு முறையும் அவர் தன் கையால் அவளுக்குக் காய் பொறுக்கிக் கொடுத்து அனுப்பினாராம். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டதில்லை.

சில கோடைகளில், முள் கத்தரிக்காய் சந்தைக்கு வரும்போது, அந்தக் கணக்கு தானாக மனதில் ஓடும். கத்தரிக்காய், மாங்காய், மாவு, வெறும் கூடை, இரண்டணா ஜட்கா எல்லாம் சேர்த்து மூன்று ரூபாய் பதினோரு அணா.