சங்குக்காரர் வீட்டு வாடை

ஒரே கூரைக்குக் கீழே நான் தொடர்ந்து பதினான்கு மாதம் தூங்கியது தூத்துக்குடியில் அந்தப் பழைய வீட்டில்தான். அதற்கு முன் திருப்பூர், மங்களூர், ராமேஸ்வரம் என்று வேலை இருந்த இடமெல்லாம் ஊர். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குக் காவல் வேலை கிடைப்பதே பெரிது. வீட்டை வாங்கியவர் சென்னையில் இருந்தார். இடித்து லாட்ஜ் கட்டும்வரை யாராவது உள்ளே படுத்துக் கிடக்கட்டும் என்று ஒரு கொத்தனார் மூலம் என்னை வைத்தார். முன்பு என்ன செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சுவரெல்லாம் கடலில் வெட்டி எடுத்த பவளக்கல். மேலே எத்தனை சுண்ணாம்பு அடித்திருந்தாலும் ஈரக்காற்று வந்தால் உப்புப் பூத்துவிடும். ஆணியில் மாட்டிய சட்டை காலையில் நனைந்திருக்கும். முன்பு அது ஒரு சங்கு வியாபாரியின் வீடு. முங்கிச் சங்கு எடுப்பவர்களிடம் வாங்கி, வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்கு அனுப்பியவர். தொழில் படுத்ததும் வீட்டை விற்றுவிட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. தெருவில் புதிதாகப் போட்ட சாக்கடை நிரம்பி, தண்ணீர் வாசற்படி வரை வந்து வடிந்தது. மறுநாள் பின்கட்டு அறையில் வாடை கிளம்பியது. செத்த எலி என்று தேடினேன். எலி இல்லை. பினாயில் ஊற்றிக் கழுவினேன். அந்த வாடையும் சேர்ந்துகொண்டது.

எதிரே இட்லிக்கடை வைத்திருந்த அக்காதான் முதலில் சத்தம் போட்டாள்.

“ஏலே, உள்ள பொணத்தக் கிணத்தப் போட்டு வச்சிருக்கியா? இப்பதான் ஒருத்தன் எங்க கடை வடைய மோந்து பாத்துட்டு, வேண்டாம்னு வச்சிட்டுப் போறான்!”

“மழத்தண்ணிக்கா. ரெண்டு நாள்ல போயிரும்.”

“மழ எல்லா வீட்லயுந்தாம்ல பெஞ்சிச்சி. உன் வீடு மட்டும் ஏன் இப்படி நாறுது?”

மூன்றாம் நாள் தெருவில் வேறு பேச்சு வந்தது. அட்டை. வெளிநாட்டுக்காரர்கள் விலை கொடுத்து வாங்கித் தின்னும் கடல் அட்டையைப் பிடிக்கத் தடை உண்டு. களவாய்ப் பிடிப்பவர்கள் ஆளில்லாத வீட்டில் வைத்து அவித்து, தோல் அழுகட்டும் என்று மணலில் புதைத்து, பிறகு காயவைப்பார்கள். அந்த வாடை இப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும். ராமேஸ்வரம் பக்கம் கருவாடு என்று சொல்லி ஏற்றிய மூட்டைகளோடு வேனில் போய்ப் பிடிபட்டிருக்கிறேன். பதினோரு நாள் உள்ளே இருந்தேன். சாப்பாடு மோசமில்லை. அபராதம் கட்டி வெளியே வரும்போது, அடுத்த தடவை மாட்டினால் வருஷக் கணக்கு என்றார்கள்.

நான்காம் நாள் காலை நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் வனத்துறைக்காரர் இருவர் வந்து கேட்டை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

“மூணு மணிக்கு வாராங்களாம், தோண்டிப் பாக்க” என்றாள் அக்கா. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. “நீ ஒண்ணும் பண்ணலன்னா, அந்தச் சங்குக்காரரப் போய்ப் பாரு. முத்தையாபுரத்துல மக வீட்ல இருக்காரு. பின்கட்டுல என்ன இருந்திச்சின்னு அவருக்குத்தான் தெரியும்.”

என் துணி எல்லாம் ஒரு பைக்குள் அடங்கும். அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி நின்றது. ஏறியிருக்கலாம். ஓடினால் புதைத்தவன் நான்தான் என்று முடிவாகிவிடும். கொத்தனாரிடம் என் போட்டோவும் இருந்தது. பக்கத்தில் நின்ற முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

சங்குக்காரர் கம்பெனிக் குடியிருப்பு ஒன்றில் வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என் பையைப் பார்த்தார்.

“என்னைக் கூப்பிட வந்தியா, ஓடுத வழியில வந்தியா?”

“ரெண்டும் இன்னும் முடிவாகல அண்ணாச்சி.”

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“அங்கன ஒரு குழி உண்டு. சங்க மணல்ல போட்டுச் சதைய அழுகவிடுத குழி. ஆள் எறங்கி நிக்கலாம், அம்புட்டு ஆழம். விக்கும்போது சொன்னா வெலையக் கொறப்பான்னு, மேல தளம் போட்டு மூடிட்டேன். கீழ ஒண்ணும் இல்லன்னு கையெழுத்தும் போட்டேன். இப்ப நான் வந்து நின்னா வாங்குனவன் எம்பேர்ல கேஸ் போடுவான்.”

“நீங்க வரலன்னா எம்பேர்ல போடுவாங்க அண்ணாச்சி. நான் ஏற்கெனவே ஒரு தடவ உள்ள இருந்தவன்.”

இதை நான் அந்த ஊரில் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் பேப்பரை நான்காக மடித்தார். மறுபடி விரித்தார். மணி ஒன்று ஆகியிருந்தது. உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தவர் தெருமுனையில் நின்றார். வீட்டை விற்ற நாளிலிருந்து இந்தத் தெருவுக்குள் வந்ததில்லை, கோயிலுக்குக்கூடச் சுற்றித்தான் போவேன் என்றார்.

வந்தவர்கள் மூன்று பேர். கடப்பாரை கொண்டுவந்திருந்தார்கள். எங்கே தோண்டுவது என்று அவர்கள் கேட்குமுன் அண்ணாச்சியே பின்கட்டு அறைக் கதவு நிலையிலிருந்து ஐந்து தப்படி நடந்து காலால் தட்டினார். தளம் உடைந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். கறுப்புத் தண்ணீர். சாக்கடைதான் குழிக்குள் இறங்கி நின்றிருக்கிறது. அடியிலிருந்து மணலும், ஓட்டை விழுந்த ஏழெட்டுச் சங்கும் வந்தன. அட்டை இல்லை.

“இத யாரு வெட்டினது?” என்றார் அதிகாரி.

“நாந்தான். விக்கும்போது மறைச்சதும் நாந்தான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

அதிகாரி நோட்டில் எழுதினார். பிறகு என் பெயரையும் ஊரையும் கேட்டார். சொன்னேன். எழுதிவிட்டு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிடிபட்டவர்களின் பழைய பெயர்ப் பட்டியல் அவர் ஞாபகத்தில் இருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சென்னைக்கு போன் செய்து சொன்னேன். வீட்டுக்காரர் இரைந்தார். வக்கீலிடம் பேசுகிறேன் என்றார். நாளைக்கே சிமெண்ட் ஊற்றி அடைக்கச் சொன்னார். என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அந்த அண்ணாச்சி குழிக்கரையில் உட்கார்ந்து சங்கு ஒன்றைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டில் நாற்காலி கிடையாது. என் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா கடையில் இரண்டு டீ வாங்கி வந்தேன்.