ஆட்டுக்கால் நாரும் என் ஐந்து வருஷமும்

ஆட்டுக்காலில் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நாரை மிஷினில் மாட்டி இழுத்துப் பிடித்து, அந்த இழுவிசை நேரம் போகப் போக எப்படிக் குறைகிறது என்று பார்த்துச் சமன்பாடு எழுதுவதுதான் என் தொழில், பிஎச்.டி. என்றும் சொல்வார்கள். இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு விடவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் தவிக்கும் சகபாவிகளே, கேளுங்கள்.

கறிக்கடை

தேனியில் எங்கள் கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு கறிக்கடை. அன்றைக்கு அறுத்த ஆட்டின் நார், கத்தி படாமல் வேண்டும் என்று உப்புத்தண்ணீர் ஊற்றிய டப்பாவை நீட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் என்னையே பார்க்கும். நாளைக்கு மனுஷ முழங்காலுக்கு நல்ல சிகிச்சை வரும் என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் சொன்னார்: "எல்லாஞ் சரி டீச்சர், கறி எடுக்காம நரம்பு மட்டும் கேக்குறீகளே, வீட்டுல நாய் வளக்குறீகளா?"

பத்து நிமிஷம்

நாரை இழுத்து அப்படியே நிறுத்தினால் முதலில் விசை மளமளவென்று இறங்கும். பிறகு மெல்ல மெல்ல. அந்த மெல்ல மெல்லதான் என் ஆராய்ச்சியே. ஒரு நாருக்கு ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். என் கைடு பொறியியல் படித்தவர், படித்ததோடு சரி. மிஷின் அசையாமல் நின்றாலே அவருக்குப் பொறுக்காது. "புடிச்சிட்டு சும்மா நிக்கிற மிஷினுக்கு எதுக்கும்மா கரண்டு? பத்து நிமிஷத்துல நிப்பாட்டு, மிச்சத்தக் கம்ப்யூட்டர் போட்டுக்கிரும்."

நேர்கோடு

கல்லூரியைப் பார்வையிட வெளியூர்க் குழு வந்தது. மேசை நனையக்கூடாது என்று, நாரை ஈரமாக வைத்திருக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் கைடே கழற்றி ஓரமாக வைத்தார். காலையிலேயே நாரை மாட்டி, ஃபேனையும் போட்டுவிட்டார். வந்தவர்கள் டீ, வடை முடித்து வருவதற்குள் நார் வற்றலாகக் காய்ந்திருந்தது. இழுத்தேன். ஈரம் இருந்தால்தானே நார் தளரும், விசை இறங்கியதே தெரியவில்லை. திரையில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரு கோடு. அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. அவர்கள் போனதும் கைடு பூரித்துப்போய்ச் சொன்னார்: "கோடு எம்புட்டு அழகா வந்திருக்கு, இதையே தீசிஸ்ல போட்டுரும்மா."

கையெழுத்து

நான் போடவில்லை. போட்டால் நாருக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி. தொட்டியை மாட்டி, புது நார்களை ஒவ்வொன்றாக ஒரு மணி நேரம் இழுத்துப் பிடித்து, சரியான வளைவோடு தீசிஸைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கையெழுத்து இல்லாமல் அதைச் சமர்ப்பிக்க முடியாது. பேனாவைத் திறந்தவர் வளைவு இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆறு மாதம் ஆகிறது. ஏன் தாமதம் என்று துறைத்தலைவர் கேட்டபோது, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே சொன்னார்: "இவுகளுக்கு நேரத்தோட அரும தெரியல சார்."

ஆட்டு நார் எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு தளரும் என்பதற்கு என்னிடம் சமன்பாடு இருக்கிறது. கைடு தளர்வதற்குத்தான் இல்லை.