பம்பரக் கிழவி

அம்மாவின் வேலை குப்பை பார்ப்பது. கேட்பவர்களிடம் அவளே அப்படித்தான் சொல்வாள். விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி ஒன்று, லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அரை மணிக்கு ஒரு முறை அளந்து அனுப்பும். ஒரு கணினி நிரல் அந்த அளவுகளைச் சுத்தம் செய்யும். மற்றவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டிருப்பதைப் பிழை என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கியதில் நல்லது ஏதும் சிக்கிக்கொண்டதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மா.

ஆய்வு நிலையத்தின் பின்பக்கம், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அவள் அறை. இரண்டு கணினித் திரைகள், எப்போதும் இறக்கிவிட்ட ஜன்னல் மறைப்பு, முதுகுக்கு முட்டுக்கொடுக்க மடித்து வைத்த துண்டு. தொலைநோக்கி எதையும் அவள் தொட்டதே இல்லை. "நட்சத்திர ஆபீஸ்ல வேலைன்னா நைட் டூட்டியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "பகல் வேலைதான். ஞாயித்துக்கிழமை நட்சத்திரத்துக்கும் லீவு" என்பாள்.

வீட்டிலும் அதே புத்தி. குப்பைப் பையைக் கட்டுவதற்கு முன் பழைய செய்தித்தாளில் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவாள். என் பல் கம்பி, அப்பாவின் கடைச் சாவி, ஒரு முறை அவளுடைய தோடே, எல்லாம் அப்படித் திரும்பி வந்தவை. அப்பா முடிதிருத்துபவர். அவருக்கு இது பொறுக்காது.

"நீட்டிக்கிட்டு நிக்கறதை வெட்டிப் பெருக்கித் தள்ளினா வேலை முடிஞ்சுது. வெட்டின முடியை எவனாவது திரும்பக் கிளறுவானா?"

"அதுல என்னைக்காவது ஒரு காது கிடந்தா?" என்பாள் அம்மா.

அந்த நட்சத்திரமும் குப்பையில் கிடைத்ததுதான். வயதாகி ஊதிப்போன ராட்சத நட்சத்திரம். இந்த வகை ஊத ஊதச் சுழற்சி மந்தமாகும். ஒரு சுற்று முடிய மாதக்கணக்கில் ஆகும். இது சில நாட்களில் முடித்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு நட்சத்திரத்தை எப்போதோ விழுங்கி, அதன் வேகத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஆய்வு நிலையத்தில் இருப்பவர்களின் கணிப்பு. நான் பம்பு தொழிற்சாலையில் சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளப்பவள். அவ்வளவு பெரிய உருண்டை அந்த வேகத்தில் சுற்றுவது எனக்கும் உறுத்தியது.

வேகமாகச் சுற்றினால் காந்தப்புலம் வலுக்கும். அது வலுத்த இடத்தில் மேற்பரப்பு குளிர்ந்து கருக்கும். அந்தக் கரும்புள்ளி நம் பக்கம் திரும்பும்போது வெளிச்சம் குறையும், போனதும் கூடும். திரையில் அது சீரான அலையாக ஏறி இறங்கியது. அலையின்மேல் ஓரிடத்தில், நிரல் வெட்டி எறிந்த பகுதியில், வெளிச்சம் சட்டென்று எகிறி மணிக்கணக்காக வடிந்திருந்தது. முறுக்கேறிய காந்தப்புலம் அறுந்தால் அப்படி வெடிக்கும். கிழட்டு ராட்சதத்தில் அவ்வளவு பெரிய வெடிப்பை அம்மா அதுவரை பார்த்ததில்லை. 'பம்பரக் கிழவி' என்று பேர் வைத்தாள். அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவின் முதல் கேள்வி, "உங்க கிழவி இன்னைக்கு யார் மேல எரிஞ்சு விழுந்தா?"

துறைத் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். கிழவியை ஒட்டி ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. தொலைநோக்கியின் படத்தில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தன.

"அக்கா, ஒரு வீட்டுல ரெண்டு பேர் குடியிருக்காங்க. உள்ள தட்டு உடையுது. உடைச்சது யாருன்னு தெருவுல நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்தை வெச்சுத் தெரியும். பொடிசு கத்தினா டக்குன்னு அடங்கிடும். இது அடங்கவே மணிக்கணக்காச்சு. கிழவிதான்."

அத்தனை வருட வேலையில் அம்மாவின் பெயர் மற்றவர்களின் கட்டுரைகளில், கடைசியில் நன்றி சொல்லும் வரியில் மட்டுமே வந்திருந்தது. கிழவியின் வெடிப்பைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்த கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. கிழவிதான் வெடித்தாள் என்று நிரூபித்தால் கட்டுரை நிற்கும். தரையிலிருக்கும் ஒரு பெரிய தொலைநோக்கியால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து நிமிடத்துக்கு நிமிடம் அளக்க முடியும். நேரம் கேட்டார்கள், கிடைத்தது. அம்மாவின் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்ததும் அதே மாதம்தான்.

அளவுகள் வந்தபோது அவள் மருத்துவமனையில் இருந்தாள். பார்வையாளர் நேரத்தில் தலைவர் மடிக்கணினியோடு வந்தார். நானும் அப்பாவும் கட்டிலின் மறுபக்கம்.

"பொடிசுதான்க்கா," என்றார், உட்காரும் முன்பே. "ஒண்ணு அடங்கறதுக்குள்ள இன்னொண்ணு, அதுமேல இன்னொண்ணு. வரிசையா வெடிச்சிருக்கு. கிழவி அப்ப சும்மா இருந்தா."

"அரை மணிக் கணக்குல கூட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். நம்ம பழைய படம் மாதிரியே வருது."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அடுத்தடுத்து வந்த சின்ன வெடிப்புகளை அரை மணிக்கு ஒரு முறை அளந்ததால், நடுவிலிருந்த இடைவெளிகள் கரைந்து, மெதுவாக வடியும் ஒரே வெடிப்பாகத் தெரிந்திருக்கிறது. அவள் நம்பிய அடையாளமே அளந்த விதத்தில் வந்தது.

"அப்ப இத்தனை நாளா வயசானவ மேல வீண் பழி போட்டிருக்க," என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். சிரித்தது வலித்தது.

தலைவர் திரையைத் திருப்பினார். "ஆனா இதைப் பாருங்க. கிழவியோட வெளிச்சக் கோட்டுலயே ஒரு சின்ன மேடு. விடியற நேரம், லேசா மேகம் வேற. வெடிப்புன்னே வெச்சுக்கலாம்க்கா. தலைப்பு அப்படியே நிக்கும்."

அம்மா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"நான் நல்லா நடமாடிக்கிட்டு இருந்தா இதைச் சேக்கலாம்னு சொல்லுவியா?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"படுத்திருக்கேன்னு சலுகை காட்டாத. பொடிசுன்னு எழுது. நாங்க ஏமாந்தது எப்படின்னும் எழுது. இன்னொருத்தர் ஏமாறாம இருக்கட்டும்."

"அப்ப இந்த மேடு?"

"குப்பையில போடு. அழிச்சிடாத. பின்னாடி எவளாவது உக்காந்து பாப்பா."

பிறகு தண்ணீர் கேட்டு என்னைப் பார்த்துக் கை காட்டினாள். கட்டுரை வெளிவருவதற்கு முன் இறந்துவிட்டாள். முதல் பெயர் அவளுடையதுதான். தலைப்பில் கிழவி இல்லை. அந்த மேடு ஒதுக்கியவற்றோடு அப்படியே இருக்கிறது என்று தலைவர் சொன்னார். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

போன வாரம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அப்பா கடை உடுப்போடு குந்தி உட்கார்ந்து குப்பையை ஒரு கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தொலைச்சீங்க?"

"ஒண்ணும் தொலைக்கலம்மா," என்றார். "பாக்காம எப்படிக் கட்டறது?"