சாய்ந்து விழுந்த மேற்குக் கரை

முகிலைப் படைத்து, அம்முகிலின் நிறத்தையே தன் திருமேனிக்கும் கொண்ட பெருமானின் திருவடிகளைத் தொழுது இச்சிறு நினைவுகளைத் தொடங்குகிறேன். வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவனிடம் எவரும் நலம் விசாரிப்பதில்லை. குடை எடுத்துப் போக வேண்டுமா என்றுதான் விசாரிப்பார்கள். பிறர் எழுதி அனுப்பியதற்குப் பொருள் காண்பதையே பிழைப்பாகக் கொண்ட அன்பர்கள் நான் படும் பாட்டை உடனே உணர்வார்கள்.

போன மாதத்து மேகம்

அறுபதுகளின் பிற்பகுதியில், பம்பாயில் எங்கள் பிரிவுக்கு வெளிநாட்டிலிருந்து காந்த நாடாக்கள் வரும். வானில் சுற்றும் செயற்கைக்கோள் மேகம், கடல், நிலம் ஆகியவற்றின் வெப்பத்தை இரவில் அளக்கும். அந்த அளவுகள் ஒன்றும் சுழியுமாக நாடாவில் பதிந்திருக்கும். அவற்றை எண்களாக்கி, எண்களைப் படமாக்குவது எங்கள் பணி. நாடா கப்பலேறி வந்து சேர்வதற்குள் அந்த மேகம் பொழிந்து வெள்ளமும் வடிந்திருக்கும்.

மாதுங்காவில் எங்களுக்குக் கீழ் வீட்டில் அப்பளம் இட்டு விற்றவர் கோமதி மாமி. நான் வானத்தைப் பார்க்கும் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்பளம் உலர்த்தலாமா என்று கேட்க வந்தார். நாடாவின் தன்மையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன மாச மழையிலே என் அப்பளம் நனைஞ்சது எனக்கே தெரியுமேடா அம்பி. அதுக்கா உனக்குச் சம்பளம்?"

குறிப்பில்லாமல் வந்தது

ஒரு நாடா, உள்ளே எது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பே இல்லாமல் வந்தது. எழுதிக் கேட்டோம், பதில் வந்தபாடில்லை. எத்தனை ஒன்று சுழிகள் சேர்ந்தால் ஓர் எண், எத்தனை எண்கள் சேர்ந்தால் ஒரு வரி என்பதை நாங்களே கண்டறிய வேண்டும். சொல் பிரிக்காத ஏட்டை வாசிப்பது போன்ற வேலை. ஒருவிதமாகப் பிரித்து எண்களை அச்சிடுவோம். குளிர்ந்த எண்ணுக்கு நீலம், வெம்மையான எண்ணுக்குச் சிவப்பு என வண்ணப் பென்சிலால் தீட்டுவோம். உருவம் எழுந்தால் பிரித்தது சரி.

கணிப்பொறியை இயக்கியவர் செல்வராஜ். தாராவியில் குடியிருந்த, திருநெல்வேலித் தெற்குச் சீமைக்காரர். எங்கள் முதல் முயற்சியை எட்டிப் பார்த்தார். "சார்வாள், இதுவா மேகம்? மழைக்கு எங்க வீட்டுச் சுவத்துல ஏறுன ஈரம் இதைவிட வெவரமா இருக்குமே."

தண்டல் சூசை

அந்த நாடாவுக்கே ஓர் அவசரம் வந்து சேர்ந்தது. செல்வராஜின் தங்கை கணவர் சூசை, தோணி ஒன்றின் தண்டல். அதாவது அதைச் செலுத்தும் தலைமை மாலுமி. மங்களூர் ஓடு ஏற்றிப் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த அத்தோணி ரத்னகிரிக்குத் தெற்கே ஓர் இரவில் கவிழ்ந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். பெருங்காற்று அடித்தது என்றார் சூசை. அவ்வழியே போன கப்பல் எதுவும் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. தண்டல் தூங்கிவிட்டான் என்றார் தோணி முதலாளி. அது உறுதிப்பட்டால் சூசை இனி எந்தத் தோணியையும் செலுத்த இயலாது. அந்த இரவு அந்தக் கடலின் மேல் அப்படிக் காற்றைக் கிளப்பும் மேகம் இருந்ததா என்று, விசாரித்த துறைமுக அதிகாரி எங்களுக்கு எழுதிக் கேட்டார். குறிப்பில்லாமல் வந்தது அந்த இரவின் நாடாதான்.

செல்வராஜ் மேலதிகாரி தேஷ்பாண்டேயிடம் உறவைச் சொல்லி, இந்த வேலையிலிருந்து தாமே விலகிக்கொண்டார். போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவே: "மச்சானுக்குச் சாதகமா ஒண்ணும் செய்ய வேண்டாம் சார்வாள். உள்ளதை உள்ளபடி வாசிச்சிருங்க, போதும்."

சாய்ந்த கரை

ஒருவழியாக உருவம் எழுந்தது. மெல்லிய தாளில் வரைந்த தேசப்படத்தை அதன் மேல் வைத்து, வடக்கே சௌராஷ்டிரக் கரையைப் பொருத்தினோம். பெரிய மேகத்திரள் ஒன்று கரையையே மறைத்துக் கிடந்தது. ஆனால் தேசப்படத்தின்படி அது தக்காண நிலத்தின் மேல் இருந்தது. ரத்னகிரிக் கடல் தெளிவாக இருந்தது. என்னை உறுத்தியது திரளுக்குக் கீழே எட்டிப் பார்த்த கரைதான். அது தேசப்படத்துக் கரையை விட்டு விலகி, கிழக்கே சாய்ந்து ஓடியது.

செயற்கைக்கோள் கோணலாகப் பார்த்திருக்கும் என்றார் தேஷ்பாண்டே. அதுவும் நடக்கக்கூடியதே. மேகமில்லை என்று பதில் எழுதச் சொன்னவர், என் முகத்தைப் பார்த்து ஒரு நாள் தவணை தந்தார். இந்தியில் சொன்னார்: "நாளைக்குள் உன் கரையை நிமிர்த்து. நிமிராவிட்டால் தலையெழுத்து அந்த ஆளுடையது, கையெழுத்து என்னுடையது."

வரியின் மூட்டு

மறுநாள் காலை, வழக்கம்போல் ஓர் அந்தாதியைப் பாராயணம் செய்தேன். ஒரு பாட்டு முடியும் சொல்லே அடுத்த பாட்டின் தொடக்கம். ஆகவே ஓதுபவர் இடையில் ஒன்றைத் தவறவிட இயலாது. அலுவலகம் சென்று எண்களைப் பார்த்தேன். சீரான இடைவெளியில் ஒரே எண் அடுத்தடுத்து இருமுறை நின்றது. கடலில் அடுத்தடுத்த அளவுகள் ஒத்திருப்பது இயல்பு என்று அதைப் பொருட்படுத்தாதிருந்தோம். நிலத்தின் மேலும் மேகத்தின் மேலும் அவ்வாறே நின்றது.

அந்தாதி போலவே, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் கடைசி எண்ணை வாங்கிக்கொண்டுதான் தொடங்கியது. மூட்டாக நின்ற அந்த எண்ணைப் புது எண்ணாகக் கொண்டதால் வரிக்கு ஒன்று மிகுந்து, கரை வரிக்கு வரி தள்ளிப்போயிருந்தது. மிகுந்ததை நீக்கி அச்சிட்டோம். கரை தேசப்படத்தோடு ஒட்டி நின்றது. திரள் மேற்கே நகர்ந்து, ரத்னகிரிக்குத் தெற்கே கடலை மூடியது.

தேஷ்பாண்டே அந்தாதியின் இலக்கணத்தை முழுவதும் கேட்டுக்கொண்டு, மேகம் இருந்தது என்று பதிலைத் திருத்திக் கையெழுத்திட்டார். "இந்தப் பாராயணத்தை அறிக்கையில் எழுதாதே. அடுத்த நாடா திறக்காவிட்டால் பூஜையில் என்ன குறை என்று மேலிடத்தில் கேட்பார்கள்."

உள்ளே இருந்தவர்

விசாரணை முடிந்தது, சூசை தண்டலாகவே நீடித்தார். ஒரு நாள் செல்வராஜ் அவரை எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார். வண்ணம் தீட்டிய தாளை விரித்து, நீலத் திரளின் நடுவே விரல் வைத்து, உங்கள் தோணி இங்கேதான் இருந்தது என்றேன். அவர் கைகட்டியபடியே குனிந்து பார்த்தார். "நான் இதுக்குள்ள கெடந்தப்போ, இது இம்புட்டு அழகா இல்லய்யா."

நாடாவுக்குரிய குறிப்பு பின்னர் நிதானமாகக் கப்பலில் வந்து, நாங்கள் அறிந்ததையே எங்களுக்கு அறிவித்தது. இதைக் கேட்போர் அனைவருக்கும் பொருள் உரிய காலத்தில் விளங்கி, கரை நிமிர்ந்து நிற்க அம்முகில்வண்ணன் அருள்வானாக.