மாமா கேட்டைப் பிடித்த சாயங்காலம்

எங்கள் ஊர் தியேட்டருக்கு அந்தச் சிரிப்புப் படம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு செக்யூரிட்டிகளைப் பற்றிய படம். ஒருவன் ஒல்லியாக, உயரமாக இருப்பான். இன்னொருவன் குட்டை, தொப்பை. ஒரு பெரிய நகைக்கடைக்கு இரண்டு பேரும் காவல். திருடன் வரும்போது தூங்குவார்கள். முதலாளி வரும்போது திருடன் என்று நினைத்துத் துரத்துவார்கள். நாய் கடிக்கும், பேன்ட் கிழியும், கேட்டு பிடுங்கிக்கொண்டு ஆள்மேல் விழும், விழுந்தவன் அப்பளம் மாதிரி தட்டையாகி எழுந்து சல்யூட் அடிப்பான். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் விருத்தாசலத்தில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு.

எங்கள் வீட்டில் அதைப் பார்க்கப் போனதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. என் அப்பா செக்யூரிட்டி. ஊருக்கு வெளியே இருந்த ஒரு செராமிக் கம்பெனியில் முதலில் சூளையில் வேலை பார்த்தார். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து, நிற்கவே நிற்காமல் போனதால் கேட்டுக்கு மாற்றினார்கள். அம்மாவுக்கு அதே கம்பெனியில் பேக்கிங் வேலை. பொம்மைகளையும் கப்புகளையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவாள்.

கேட்டில் அப்பாவோடு இன்னொருவர் இருந்தார். கம்மாபுரம் பக்கத்து ஆள். அவருடைய நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நிலம் இருந்தவரை அதிகாரமாகப் பேசிப் பழகியவர் என்பதால், நீல யூனிஃபார்ம் போட்ட பிறகும் குரல் மட்டும் குறையவில்லை. அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அதனால் எனக்கு அவர் மாமா. உறவு வேறொன்றும் கிடையாது. அப்பா ஒல்லி, உயரம். மாமா குட்டை, தொப்பை. படம் வந்த அன்றே கம்பெனியில் எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், உங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தான் எடுத்திருக்கான் என்று.

மாமாதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். இடைவேளையில் அப்பா வெளியே போய் வந்து உட்கார்ந்ததும் பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள்: "டேய், படத்துல வர்றவனுங்க ரெண்டு பேரும் இங்கதான்டா ஒக்காந்திருக்கானுங்க!" மாமா உடனே எழுந்து, படத்தில் வருகிற மாதிரியே இடது கையால் கோணலாக ஒரு சல்யூட் அடித்தார். தியேட்டர் முழுக்க விசில் பறந்தது. மாமாவை எல்லோருக்கும் தெரிகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அப்பா எனக்கு வாங்கி வந்த பாப்கார்ன் பொட்டலத்தைக் கொடுக்க மறந்து, கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஒன்றும் ஓடவில்லை.

வெளியே வந்து நடக்கும்போது மாமா படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

"நம்மளப் பத்தி ஒரு படம் எடுத்திருக்கானுங்களே, அதப் பாரேன் மச்சான்."

"நம்மளப் பத்தி எடுக்கல. நம்மள வெச்சி எடுத்திருக்கானுங்க" என்றார் அப்பா.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா தினமும் கேட்டில் அந்தப் படத்தை நடித்துக் காட்ட ஆரம்பித்தார். லாரி வந்தால் கோணல் சல்யூட். மேனேஜர் கார் போன பிறகு, அது திருடனுடைய கார் என்பதுபோலப் பின்னாலேயே நாலடி ஓட்டம். சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வரும்போதுதான் பெரிய காட்சி. எங்கள் கம்பெனி கேட்டு பக்கவாட்டில் தண்டவாளத்தின்மேல் உருண்டு திறக்கிற கனமான இரும்புக் கேட்டு. மாமா அதில் முதுகைக் கொடுத்து, கேட்டு தன்மேல் சாய்கிற மாதிரி முழங்காலை மடக்கி, கண்ணை உருட்டி, "ஐயோ, யாராவது புடிங்களேன்!" என்று கத்துவார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கேட்டுக்கு வந்து அம்மாவுக்காகக் காத்திருப்பது என் வழக்கம். அதனால் எனக்கு அது தினமும் கிடைக்கிற இலவச சினிமா.

ஒருநாள் அம்மா அவரிடம், "என்னாத்துக்குண்ணா இப்படி ஒங்களையே கேலி பண்ணிக்கிறீங்க?" என்று கேட்டாள். மாமா சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னார். "இத்தினி நாளா இந்தக் கேட்டுல நிக்கிறேன் தங்கச்சி. போறவங்க வர்றவங்க ஒருத்தரும் என் மூஞ்சிய நிமிந்து பாத்ததில்ல. இப்பதான் பாக்குறாங்க."



அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு பிடிக்கவில்லை என்பது, களிமண் ஏற்றி வந்த ஒரு லாரி டிரைவரால் தெரிந்தது. அப்பா பதிவு எழுதுவதற்காகக் குனிந்தபோது, அந்த ஆள் வண்டியில் இருந்தபடியே கையை நீட்டி அப்பாவின் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டான். படத்தில் அப்படி ஒரு காட்சி உண்டு. லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டார். அப்பா தொப்பியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, எழுத வேண்டியதை எழுதி முடித்து, லாரியை உள்ளே அனுப்பினார். அதன் பிறகுதான் மாமாவிடம் சொன்னார்:

"நீ சிரிக்க வெச்சிட்டுப் போயிடுற. அவனுங்க என் தலைமேல கைய வெக்கிறானுங்க."

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே கேட்டில், ஒரே கூண்டுக்குள், இரண்டு பேரும் பேசாமலே வேலை பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். "மாமாகிட்ட சொல்லு, டீ வந்திருச்சின்னு" என்பார் அப்பா. மாமா ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். அதையும் நான் ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டேன். மாமா முன்பு வார்த்தைக்கு வார்த்தை மச்சான் என்பார். இப்போது அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

இதற்கு நடுவே ஒரு லாரி பின்னால் வரும்போது கேட்டுக் கம்பத்தில் இடித்துவிட்டது. கேட்டு தண்டவாளத்தை விட்டுப் போகாமல் தடுக்கிற இரும்புக் கட்டை உடைந்து, மேலே கேட்டைத் தாங்கிப் பிடிக்கிற கொக்கியும் வளைந்துபோயிற்று. அப்பா மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மாமாவும் தனியாகப் போய்ச் சொன்னார். பொங்கல் கழிந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதுவரைக்கும் அப்பா கொக்கியைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்.

அது நடந்த சாயங்காலம் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வேலை முடிந்த மணி அடித்து, பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார்கள். அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். நான் எதிரே ரோட்டோரம் ஒதுங்கி நின்றேன். மாமா கேட்டைத் தள்ளித் திறந்தார். கேட்டு வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் உருண்டது. உடனே மாமா திரும்பி முதுகைக் கொடுத்தார். முழங்கால் மடங்கியது. கண் பெரிதாயிற்று. எல்லாம் நாங்கள் தினமும் பார்ப்பதுதான்.

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு அக்கா கேட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, "இன்னிக்கி நல்லா நடிக்கிறீங்கண்ணா" என்றாள்.

"போங்க, போங்க" என்றார் மாமா. குரல் பெரிதாக வரவில்லை. பெண்கள் மெதுவாகவே போனார்கள். கடைசி ஆள் தாண்டுகிற வரைக்கும் அவர் அப்படியே நின்றார். அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு சொல் கத்தினார்.

"மச்சான்!"

அப்பா கூண்டுக்குள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நாற்காலி கவிழ அவர் ஓடிவந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது, படத்திலும் ஒல்லி ஆள் அப்படித்தான் ஓடிவருவான் என்பதால். அப்பா மாமாவின் இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கேட்டு விழுந்தது. அந்தச் சத்தத்தில் எல்லோருடைய சிரிப்பும் நின்றது. மாமாவின் நெஞ்சும் வயிறும் தப்பிவிட்டன. ஒரு கால் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது.

ஆண்கள் ஓடிவந்து கடப்பாரை போட்டுத் தூக்கினார்கள். அம்மா என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து முகத்தை மூடிவிட்டாள். அப்பா மாமாவைத் தூக்கி ஆட்டோவில் வைப்பதை மட்டும் சேலை இடுக்கில் பார்த்தேன். ஆட்டோ கிளம்பும்போது மாமா, "தொப்பி எங்க மச்சான்?" என்று கேட்டார். "இருக்குது, இருக்குது" என்றார் அப்பா. அத்தனை நாள் கழித்து அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் வந்ததே இல்லை. கம்பெனியில் அப்பாவை வா, போ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு நீங்க, வாங்க என்று பேசினார். எனக்கு ஒரு பை ஆப்பிள் கொண்டுவந்திருந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். நான் ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் மேல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கேட்டது சின்ன விஷயம் மாதிரிதான் இருந்தது. "அவரு தெனமும் அந்தக் கேட்டுல வெளையாடுவாரு. எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கும் வெளையாடும்போதுதான் கேட்டு சாஞ்சிருக்குது. விசாரிக்க ஆபீசர் வந்தா அத மட்டும் சொல்லிடுங்க. போதும்."

"வெளையாடல சார்" என்றார் அப்பா. "கட்டை ஒடஞ்சி கெடந்திச்சி. ரெண்டு பேருமே வந்து சொன்னோம்."

மேனேஜர் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்களும் அங்கதானம்மா இருந்தீங்க. நம்மகிட்ட வேலை பாக்குறவங்க நீங்க. எல்லாரும் சிரிச்சீங்களா இல்லியா?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பெரிய இடத்து ஆட்கள் முன்னால் அவள் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

"சிரிச்சோம் சார். வெளையாட்டுன்னு நெனச்சிதான் சிரிச்சோம். நாங்க சிரிச்சிக்கிட்டே போற வரைக்கும் அவரு அதத் தாங்கிட்டு நின்னாரு. வுட்டுட்டு நவுந்திருந்தார்னா கால் இருந்திருக்கும். எங்கள்ல யாரு இருந்திருப்போம்னு தெரியல. ஆபீசரு வந்தா ரெண்டயும் சொல்றேன். சிரிச்சதையும் சொல்றேன்."

மேனேஜர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அம்மா என் மடியில் இருந்த ஆப்பிள் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கோபமாகக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டுப் போகிற பொருளை எடுத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். அந்தப் பைக்காக நான் அழுதது நன்றாக நினைவிருக்கிறது.

ஆபீசர் வந்தபோது அப்பாவும் அம்மாவும் சொன்னார்கள். அம்மா சொன்ன பிறகு வேறு சில பெண்களும் சொன்னார்கள். மாமாவுக்கு நஷ்டஈடு கிடைக்க வருஷக்கணக்கில் ஆயிற்று. ஆனால் கிடைத்தது. சேத்தியாத்தோப்பில் அவருடைய தங்கை வீட்டோடு போய்விட்டார். அங்கே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். அந்தப் படத்தை டிவியில் இப்போதும் போடுகிறார்கள். அவர் பார்க்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

ஆபீசர் விசாரித்தது, நஷ்டஈடு கிடைத்தது எல்லாம் நான் வளர்ந்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. அந்த வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மேனேஜர் வந்துபோன வாரத்தில் இருந்து அப்பா வேலைக்குப் போகவில்லை. அடுத்த வாரத்தில் இருந்து அம்மாவும் போகவில்லை.

எனக்கு அது திருவிழா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு திறந்திருக்கும். இரண்டு பேரும் உள்ளே இருப்பார்கள். அப்பா எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் இருக்கும், அப்படியே போவேன். அம்மா மத்தியானம் பள்ளிக்கூட வாசலுக்கே சுடச்சுடச் சோறு கொண்டுவருவாள். சோறும் ரசமும்தான். தினமும் அதேதான். எனக்கு ரசம் பிடிக்கும் என்பதால் அம்மா அதையே வைக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் அப்பா வாசல்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வேன். அத்தனையையும் பொறுமையாகக் கேட்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் பழமலைநாதர் கோயிலுக்கு நடந்தே போனோம். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகாமல் நடப்பதுகூட எனக்காகத்தான் என்று நினைத்தேன். வழி முழுக்க அப்பாவின் கையை ஒரு பக்கமும் அம்மாவின் கையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தேன். சன்னிதியில் கூட்டம் இல்லை. குருக்கள் தீபாராதனை காட்டினார். அம்மா கண்ணை மூடி, உதடு அசைய, வெகுநேரம் வேண்டிக்கொண்டாள். இமை ஓரத்தில் நீர் கோத்திருந்தது. சூடத்துப் புகை என்று நினைத்தேன். அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

நானும் அவர்களைப் போலவே கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சாமி, அப்பாவும் அம்மாவும் இனிமேல் எந்த வேலைக்கும் போகாமல், இப்படியே வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொண்டேன்.