நாலு பட்டன்

வள்ளித்தாயைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய வயிற்றெரிச்சலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நானாக இட்டுக்கட்டவில்லை. சங்கரன்கோவிலில் ஒரே விசைத்தறிக் கூடத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துத் தறி. அத்தனை இரைச்சலிலும் என் காதில் வந்து கத்தியது அவள்தான்.

அவள் மகள் இசக்கிசெல்விக்குப் பிறவியிலேயே கைகால் மூட்டுகள் இறுக்கம். எட்டு வயது. எதிர்வீட்டுப் பாஜிலாவின் மகள் அப்ரீன் பானுவுக்கும் அதே சிக்கல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி மையத்தில் இருவரையும் சோதிப்பார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள், தானாகத் தலை சீவுகிறாளா, சட்டை போடுகிறாளா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அப்ரீன் ஐம்பதைத் தாண்டிவிட்டாள். இசக்கிசெல்வி முப்பத்தெட்டிலேயே நின்றாள்.

"அவளுக்கு மட்டும் என்னத்த ஊட்டுதாளோ," என்பாள் வள்ளித்தாய். "நான் எம்பிள்ளைய இடுப்ப விட்டு எறக்காம சொமக்கேன். எனக்கு முப்பத்தெட்டா?" ஏதோ இவளே பரீட்சை எழுதியதுபோல. நல்ல மனுஷிதான். அந்த எண்ணைக் கேட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவாள்.

போன மாதச் சோதனைக்கு நானும் துணைக்குப் போனேன்.

"பட்டன் தானா போடுவாளா?" என்று பயிற்சி தரும் பெண் கேட்டாள்.

"போட மாட்டா மேடம். நாந்தான் போட்டுவிடுதேன்."

அதே கேள்வியைப் பிள்ளையிடமும் கேட்பது அங்கே வழக்கம். "போடுவேன்," என்றாள் இசக்கிசெல்வி. சட்டையைக் கொடுத்தார்கள். விரல் மடங்காது, உள்ளங்கையால் அழுத்தி, பல்லால் இழுத்து, நாலு பட்டனையும் போட்டாள். தலையும் சீவிக் காட்டினாள். இன்னும் இரண்டு மூன்று வேலையும் செய்தாள். நாற்பத்தாறு.

"இத எங்கட்டி படிச்ச?"

"பாஜிலா மாமி வீட்டுல. நீ தறிக்குப் போன பொறவு."

வள்ளித்தாய் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை. கூடிய எட்டும் பாஜிலாவுடையதாகிப் போனதே என்று பஸ்ஸில் அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கூப்பிடப் போனேன். இசக்கிசெல்வி பள்ளிச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வள்ளித்தாய் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில்.

"ஏட்டி, அங்கனயும் இம்புட்டு நேரம் ஆவுமா?" பொறாமை அப்போதும் போகவில்லை, பாருங்கள்.

"ஆவும். ஆனா மாமி மணி பாக்க மாட்டாவ."

வள்ளித்தாய் எழுந்து, கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போ, நான் வாரேன்," என்றாள் என்னிடம். பிள்ளை மூன்றாவது பட்டனில் இருந்தாள்.